சோபாவுக்கு வந்த மயிலைக் காளை

போன மாதம் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்ததும், புதுத்துணி வாசனையோடு நான்கு குஷன்கள் வெளியே வந்தன. மகள் ஆன்லைனில் வாங்கியது. எல்லாவற்றிலும் பழைய காலத்துக் கிராமத்துப் படங்கள். இப்போது வீடு என்றால் இதெல்லாம் இருக்க வேண்டுமாம். ஒன்றில் குடம் சுமக்கும் பெண், ஒன்றில் தென்னந்தோப்பு, ஒன்றில் மாட்டுவண்டி. நான்காவதைப் பார்த்ததும் எடுத்த கையோடு பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்தேன். அதில் நின்றது சாம்பல் வெள்ளை நிறத்தில் ஒரு மயிலைக் காளை. அதன் முதுகில் இரண்டு சுழிகள். அந்தச் சுழிகளைப் போட்டவள் நான்.

சொன்னால் நம்பமாட்டீர்கள். கல்யாணத்துக்கு முன் கணபதி பகுதியில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை பார்த்தேன். மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை சேலையோடு வீடுவரை வரும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கோ நான் பெரிய ஓவியர் என்று நினைப்பு. உண்மையில் என் வேலை, அச்சுக்குப் போகும் படங்களில் விழுந்த கறையைத் தூரிகையால் மறைப்பது, அவ்வளவுதான்.

ஒரு மாட்டுத் தீவனக் கடையின் காலண்டருக்கு வந்த காளைப் படத்தில், முதுகெலும்புக்கு இருபுறமும் இரண்டு டீத் துளிகள். பேசாமல் மறைத்திருக்கலாம். எனக்குக் கை சும்மா இருக்காது. இரண்டையும் அழகான முடிச்சுழிகளாக மாற்றிவிட்டேன். டவுனில், ஆர்.எஸ்.புரத்தில் வளர்ந்தவள், மாட்டைக் கிட்டத்தில் எங்கே பார்த்தேன்? என் தம்பிக்கு உச்சந்தலையில் இரட்டைச் சுழி. அதை நினைத்துக்கொண்டு போட்டதுதான்.

பத்தே நாளில் கடைக்காரர் காங்கேயத்திலிருந்து வந்து இறங்கினார், தோளில் ஒரு கட்டுக் காலண்டருடன்.

"ஏனுங்க, இந்தச் சுழியப் போட்டது ஆருங்க?"

பாராட்டப் போகிறார் என்று நான் முன்னால் போய் நின்றேன்.

"அம்மணி, நீங்க நல்லா இருக்கோணும். ஆனா இது பாடைச் சுழியுங்க. இப்பிடி மாடு நின்னா அந்த ஊட்டுல எழவு உழுகுமுங்க. சனங்க காலண்டரத் திருப்பிக் குடுத்துப்போட்டாங்க. இத வருசம் பூரா செவுத்துல ஆருங்க கட்டிவெப்பாங்க?"

அவ்வளவு கோபத்திலும் ஒரு 'ங்க' விட்டுப்போகவில்லை.

முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. மைனா உருவத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து கையில் கொடுத்தார். சுழி மறைய, சுழிக்கு ஒன்று, மாட்டுக்கு இரண்டு. மூன்று நாள் உட்கார்ந்து மைனா குத்தினேன். ஆனால் இந்தக் குஷன் காளைமேல் மைனா இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் அன்று காலண்டரைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்து, அந்தப் படம் இப்போது குஷனுக்கு வந்திருக்கிறது.

இவ்வளவு பயம் எதற்கு என்கிறீர்களா? குஷன் வந்த மறுநாள் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா காங்கேயம் பக்கம், பரம்பரையாக மாடு வைத்திருந்த குடும்பம். மகளுக்கும் பையனுக்கும் ஏற்கெனவே பிடித்துவிட்டது. பெரியவர்கள் தலையசைக்க வேண்டியதுதான் மிச்சம். பாடைச் சுழி மாடு நடுவீட்டில் உட்கார்ந்திருந்தால் தலை எந்தப் பக்கம் அசையும்? குஷனை பீரோவில் ஒளித்தேன். மகள் எடுத்துப் போட்டாள். குப்புறப் போட்டேன். நிமிர்த்தினாள்.

"இது செட்டும்மா. நாலும் இருந்தாத்தான் நல்லாருக்கும்."

வந்த மாப்பிள்ளையின் அப்பா சரியாக அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். குஷனை எடுத்து மடியில் வைத்தார். விரல் காளையின் முதுகில் போய் நின்றது. நான் பலகாரத் தட்டோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"மெத்துன்னு இருக்குதுங்க அம்மணி. எங்கூட்டுச் சோபாவுக்கும் நாலு வாங்கோணும்."

சொல்லிவிட்டு அதை முதுகுக்கு வைத்துச் சாய்ந்துகொண்டார், பாடைச் சுழியின்மேலேயே.

கல்யாணம் நிச்சயமானது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், பட்டேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "மாடெல்லாம் இருக்குதுங்களா?" என்று சம்பந்தியிடம் கேட்டுவிட்டேன்.

"அதெல்லாம் எங்கப்பா காலத்தோட செரிங்க. இப்பப் பாக்கெட் பாலுதானுங்க."

எனக்கு ஏனோ அழுகை வந்தது. என் தப்பைத் தோளில் சுமந்து பஸ் ஏறி வந்து, அம்மணி என்று கூப்பிட்டுத் திட்டிவிட்டுப் போன அந்த மனிதரை மனசு தேடியது. இன்றைக்கு அது கெட்ட சுழி என்று சொல்ல, எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான் மிச்சம். எனக்கோ மாடு தெரியாது.