மாப்பிள்ளை கை மட்டும் போகும் இடம்

என் அத்தான் வேலைக்குப் போகப் பதினெட்டுப் படி இறங்க வேண்டும். அவ்வளவுதான் தூரம். மாடியில் வீடு, கீழே அப்பாவின் கார் பட்டறை. ஆள் வேண்டுமென்றால் அப்பா ஒரு ஸ்பேனரை எடுத்துச் சுவரோரத் தண்ணீர்க் குழாயில் இரண்டு தட்டு தட்டுவார். அது நேராக மாடிச் சமையலறையில் போய்க் கேட்கும். அத்தான் சாப்பாட்டுத் தட்டை மூடிவைத்துவிட்டு இறங்கி வருவார். இப்படியே பதினொரு வருஷம்.

அவர் வந்தது ஆறு மாதத்துக்குத்தான். அக்காவைக் கட்டிய புதிதில் அப்பா பட்டறைக் குழிக்குள் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். நான் ஒரே மகன், ஆனால் ஒரு போல்ட்டை ஒழுங்காக மாட்டத் தெரியாதவன். தெரியாதவன் என்பதும் பாதிப் பொய். கற்றுக்கொண்டால் இங்கேயே மாட்டிக்கொள்வோம் என்று பள்ளிக்கூட நாளிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டுமென்றே நாலைந்து போல்ட்டில் மரையைக் கெடுத்தேன். இவன் கைக்குப் பேனாதான் சரி என்று அப்பாவே கைகழுவிவிட்டார். இப்போது ஓர் அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். துறைமுகத்தில் கப்பல் இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்த அத்தானிடம், அப்பா கட்டிலில் படுத்தபடி, "ஆறு மாசம் மட்டும் பாத்துக்குங்க மாப்பிள்ளை" என்றார். இடுப்பு நாலே மாதத்தில் கூடிவிட்டது. போகலாம் என்று அப்பா சொல்லவில்லை. போகட்டுமா என்று இவரும் கேட்கவில்லை.

அப்பா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு டயர் கடைக்காரர், வண்டி விட வருகிறவர்கள் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார். ஜெயிலுக்கு மாமியார் வீடு என்று ஒரு பேர் உண்டு. அந்த ஜோக்கை மட்டும் எங்கள் பட்டறையில் யாரும் அடிப்பதில்லை.

அவரை நன்றாகவே கட்டிப்போட்டது ஒரு டப்பா. அதைச் செய்ததும் அவரேதான். சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அது.

அப்பாவின் கார் டர்போ வைத்த பழைய பெட்ரோல் வண்டி. அவருக்கு உயிர். அந்த வகை இன்ஜினில் பிஸ்டன் ஓரமாகக் கசிகிற புகை, எண்ணெய்த் துளிகளையும் இழுத்துக்கொண்டு, ஒரு குழாய் வழியாகக் காற்று உள்ளே போகும் பாதைக்கே திரும்பிப் போகும். எண்ணெய் வால்வுகளில் ஒட்டிக் கருகும். வண்டி நின்ற இடத்தில் குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். அத்தான் இரண்டு தடவை எல்லாவற்றையும் பிரித்துக் கரியைச் சுரண்டினார். மூன்றாவது தடவை, அந்தக் குழாய்க்கு நடுவில் ஒரு டப்பா வைத்து எண்ணெயைப் பிடித்துக்கொண்டு காற்றை மட்டும் விட்டால் தீர்ந்தது என்றார்.

அப்பா அன்றைக்கே ஒன்று வாங்கி வந்தார். சிவப்பு நிறம், கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. அத்தான் மூடியைத் திருகி உள்ளே ஒரு பார்வை பார்த்தார். ஆளைப் பார்த்தால் அழகு, வேலையைப் பார்த்தால் எழவு. உள்ளே தடுப்புத் தகடும் இல்லை, கம்பி வலையும் இல்லை. இந்தப் பக்கம் நுழைகிற புகை அந்தப் பக்கம் அப்படியே போய்விடும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்து அனுப்பினார். பத்து நாள் தேடி, தகடும் வலையும் வைத்த, அடிக் கிண்ணம் தனியாகத் திருகிக் கழல்கிற டப்பா ஒன்றைப் பிடித்தார். குழாயிலும் அதே பிடிவாதம். தண்ணீருக்கான ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறி இளகிவிடும் என்று எண்ணெய் தாங்குகிற குழாயாகவே வாங்கி, எங்கும் தொய்வு விழாமல் அளந்து வெட்டினார்.

வைக்கிற இடத்தில்தான் சறுக்கினார். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதையாவது தொங்கவிடுவது அவருக்குப் பிடிக்காது. பேட்டரிக்கும் முன்விளக்குக்கும் நடுவே, கீழே ஆழத்தில், ஒரு தகடு வளைத்து அதில் டப்பாவை உட்காரவைத்தார். கம்பெனியிலேயே வைத்து அனுப்பியது போல இருந்தது. மாதம் ஒருமுறை கிண்ணத்தைக் கழற்றி, பால் விட்ட டீ நிறத்தில் சேர்ந்திருப்பதைக் கொட்ட வேண்டும். அந்த இடுக்கில் அத்தானின் ஒல்லி மணிக்கட்டு வழுக்கிக்கொண்டு போய்வரும். நானும் ஒருநாள் வீரம் காட்டிக் கையை விட்டேன். போன கை வரவில்லை. கால் மணி நேரம் வண்டிக்கு வணக்கம் போடுகிற கோலத்தில் நின்றேன். அக்கா சோப்புத் தண்ணீர் ஊற்றித்தான் எடுத்தாள்.

"மாப்பிள்ளை கை மட்டும்தான் போகும்" என்றார் அப்பா. அவ்வளவு பெருமை. வண்டி நடுக்கம் நின்றதைப் பார்த்தவர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். எல்லாம் அதே வகை இன்ஜின், அதே இடுக்கு. அப்பா ஒவ்வொருவரிடமும் அந்த வாக்கியத்தையே சொல்லி விற்றார். மூன்று வருஷத்தில் இருபத்துமூன்று வண்டி. மாதாமாதம் இருபத்துமூன்று கிண்ணம். அத்தானின் தங்கை வீட்டு விசேஷத்துக்கு நாலு நாள் போனவரை இரண்டாம் நாளே போன் போட்டு வரவழைத்தார் அப்பா. அக்காவும் அவரும் ஒரு வாரம் சேர்ந்தாற்போல எங்கும் போனதில்லை. எனக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்துதான் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து, அக்கா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போனேன்.

இந்த வருஷம் அத்தானின் பழைய துறைமுகப் பட்டறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெரிய கப்பல் இன்ஜின்களுக்கு மேற்பார்வை வேலை. ஐந்து வாரத்தில் சேர வேண்டும், குடியிருக்க வீடும் உண்டு. அக்கா அதைச் சமையலறையில் வைத்து எங்கள் இருவருக்கும் சத்தமாகப் படித்தாள். பாதியில் குழாய் இரண்டு தட்டு தட்டியது. அத்தான் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

"அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று அன்று மாலை கேட்டேன்.

"நானே சொல்றேன் மச்சான்" என்றார்.

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக டப்பாக்களை இடம் மாற்ற ஆரம்பித்தார். கிண்ணம் கொட்ட வந்த ஒவ்வொரு வண்டியிலும் இடுக்கிலிருந்து டப்பாவை எடுத்து, ரேடியேட்டருக்கு மேலே, பானட்டைத் திறந்ததும் எதிரே தெரிகிற, எவர் கைக்கும் எட்டுகிற இடத்தில் மாட்டினார். அடியில் ஒரு குட்டித் திருகு வைத்தார், திறந்தால் தானாக வடியும்படி. பார்க்கக் கண்றாவியாக இருந்தது. அவர் கையால் அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததே இல்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் வசதிக்கு என்றார். அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஐந்து வாரத்தின் கடைசிச் சனிக்கிழமை மதியம் மிச்சமிருந்தது ஒரே வண்டி. அத்தான் புதுத் தகடும் திருகும் எடுத்துக்கொண்டு அப்பாவின் காரைத் திறந்தார். அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வந்து, பானட் ஓரத்தில் கையை வைத்தார்.

"என் வண்டியில மட்டும் மாத்தாதீங்க மாப்பிள்ளை."

அத்தான் நிமிரவில்லை. ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தார். சட்டைப்பையில் கடிதத்தின் ஓரம் தெரிந்தது. அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன். போகமாட்டார். இந்த ஒரு டப்பாவுக்காக இருந்துவிடுவார், நானும் அடுத்த சனிக்கிழமை வந்து சாப்பிடுவேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"பேட்டரியைக் கழட்டினா யாரு கை வேணா போகும்பா" என்றேன்.

சொன்ன பிறகுதான் எவ்வளவு சின்ன விஷயம் என்று உறைத்தது. இரண்டு வயர், பேட்டரியைப் பிடித்திருக்கிற ஒரு பட்டை, பத்து நிமிஷம். நாற்பது வருஷம் பட்டறை நடத்தியவருக்கு அது தெரியாதா?

"தெரியும்" என்றார் அப்பா.

அத்தானைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். அவருக்கும் தெரியும். மூன்று வருஷமாக மூன்று பேருக்கும் தெரிந்த ஒன்றை, ஆளுக்கொரு காரணத்துக்காக வாயைத் திறந்து சொல்லாமல் இருந்திருக்கிறோம். அப்பாவுக்கு அவர் வேண்டும். எனக்கு என் நாற்காலி வேண்டும். அத்தானுக்கு என்ன வேண்டியிருந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் கை இல்லாமல் முடியாது என்று பதினொரு வருஷத்தில் இந்த வீடு அவரிடம் சொன்னது அந்த ஒரு விஷயத்தில்தான்.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தேன். நெகட்டிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும் என்பது ஞாபகம் இருந்தது. பட்டையின் நட்டு இறுகிக் கிடந்தது. விரல் முட்டித் தோல் கிழிந்தது. பேட்டரியைத் தூக்கும்போது காலில் போட்டுக்கொள்ளப் பார்த்தேன். கிண்ணத்தைத் திருகிக் கழற்றினேன்; உள்ளே இருந்த எண்ணெயில் பாதி பாட்டிலுக்குள் போனது, பாதி முழங்கை வழியாக வழிந்து சட்டையை நனைத்தது. திரும்ப மாட்டும்போது மரை மூன்று தடவை கோணிக்கொண்டது. இந்தத் தடவை வேண்டுமென்று அல்ல.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. அத்தான் இரண்டு நிமிஷத்தில் முடித்திருப்பார். பக்கத்திலேயேதான் நின்றார். ஒவ்வொரு தடவை நான் தடுமாறும்போதும் அவர் கை அரை அடி முன்னால் வந்தது. பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோர்த்துப் பிடித்துக்கொண்டார்.

வேலை முடிந்து அத்தான் மாடியேறியதும் அப்பா பழக்கத்தில் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குழாயருகே போனார். மேலே அக்கா பெட்டிகளை இழுக்கிற சத்தம் கேட்டது. அப்பா தட்டாமல் ஸ்பேனரைத் துடைத்து, ஆணியில் மாட்டினார்.