பாலை எண்ணாத கிண்ணம்

கசாக்ஸ்தானில் எங்கள் கரகண்டி நகரில் ஸாவ்ரே சிந்திய ஒரு கிண்ணத் தேநீர் உலகத்தின் பாதிக் கணினிகளைக் காப்பாற்றியது. பாதி என்பது சற்றுக் கூடுதல்தான். குறைத்துச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ஸாவ்ரே என் எதிர்வீட்டுக்காரி. சுரங்க அலுவலகத்தில் வேலை. ஓய்வு நேரத்தில் சி என்ற கணினி மொழியில் அவள் எழுதிய உரைத்திருத்தி, அதாவது டெக்ஸ்ட் எடிட்டர், இன்று எங்கெங்கோ ஓடுகிறது. அதில் ஓர் ஓட்டையை ஒருவன் கண்டுபிடித்துவிட்டான். நீளமான கசாக் வரியைத் திறந்தால் திருத்தி தனக்கு ஒதுக்கிய நினைவிடத்தைத் தாண்டி எழுதுகிறது. கெட்டவன் எவனும் அந்த வழியாகக் கணினிக்குள் புகுந்துவிடலாம். ஓட்டையைக் கண்டவன் கொடுத்த கெடு அன்று மாலை. அதன்பின் ஊரறியச் சொல்லிவிடுவான்.

வரியின் நீளத்தைச் சோதிக்கும் காவலை வைத்துவிட்டு, அவன் அனுப்பிய கோப்பைத் திறந்தாள் ஸாவ்ரே. திருத்தி பொத்தென்று விழுந்தது. காவலை மாற்றி வைத்தாள். மறுபடி விழுந்தது. அந்நேரம் பார்த்து ஸாவ்ரேயுடைய மகளின் மாமியார் பாகிலா வந்து சேர்ந்தாள். பவுர்சாக் என்ற மாவு உருண்டை பொரிக்கும் வாசனை பிடித்து நானும் போயிருந்தேன்.

"என்ன சம்பந்தி, முகம் வேகவெச்ச ஆட்டுத்தலை மாதிரி இருக்கு? பெரிய விருந்தாளிக்கு ஆட்டுத்தலை வெக்கணுமேன்னு அதையே தட்டுல வெக்கப் போறீங்களா?"

"உக்காருங்க, டீ ஊத்தறேன்."

கிண்ணத்தில் பால் ஏற்கெனவே இருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஊற்றினாள் ஸாவ்ரே. விளிம்பு தாண்டி விரிப்பெல்லாம் தேநீர்!

பாகிலா கோபத்தோடு எழுந்தாள். "கிண்ணத்தை நெறைச்சா கிளம்புன்னு அர்த்தம். இப்பதானே உக்காந்தேன், அதுக்குள்ள தொரத்துறீங்களே!"

ஸாவ்ரே மன்னிப்பா கேட்டாள்? "கிண்ணத்து அளவுக்குத்தானே டீ ஊத்தினேன்... ஐயோ, பால்! பாலை எண்ணல! எழுத்தை மட்டும் எண்ணிட்டு இருந்திருக்கேன் சம்பந்தி! நம்ம எழுத்து ஒவ்வொண்ணும் ரெண்டு பைட் இடம் பிடிக்கும். நூறு எழுத்துன்னு உள்ள விட்டா இருநூறு பைட் போகுது!"

விரல்கள் பறந்தன. இனி காவல் பைட்டைத்தான் எண்ணும். கடைசியில் வரி முடிந்ததைக் காட்டும் குறிக்கும் ஓர் இடம் விடும். கோப்பைத் திறந்தாள். திருத்தி விழாமல் ஓடியது! ஸாவ்ரே உட்கார்ந்திருந்த மெத்தைமேலேயே எழுந்து குதித்தாள். கெடுவுக்கு முன்பே திருத்தம் ஊரெங்கும் போய்ச் சேர்ந்தது.

இதை நான் எழுதி வாசித்துக் காட்டியபோது பாகிலா குறுக்கிட்டாள்.

"அக்கா, நான் எங்க கோவிச்சுக்கிட்டேன்? மடியில சூடா கொட்டுச்சு, துள்ளி எழுந்தேன். அப்புறம், 'பாலைக் கணக்குல சேக்கலையா?'ன்னு மொதல்ல கேட்டதே நான்தான். அதை மட்டும் எழுதாம விட்டுட்டீங்களே!"