மேட்டில் காய்த்த பூசணி

1. மேசை மாதிரி நிலம்

ஐம்பதுகளின் கடைசியில் வன்னியில் கண்டாவளைப் பக்கம் காடு வெட்டிக் குடியேற்றக் கொலனி போட்டார்கள். நான் அங்கே புல்டோசர் ஓட்டினேன். யாரும் படிப்பித்த தொழில் இல்லை; மெக்கானிக்மாரின் கதையைக் கேட்டுக் கேட்டுப் பழகினது. ஒரு காணியில் இறங்கிய முதல் நாளே அதன் சொந்தக்காரர் நாகராசா, பெண்சாதி மங்கையோடு வந்து நின்றார். யாழ்ப்பாணத்து ஆட்கள். ஊரில் இருந்த துண்டைத் தமையனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். இரண்டாவது காலபோகத்துக்குள், அதாவது இரண்டாவது மாரி நெல்லுக்குள், பயிர் காட்டாவிட்டால் அரசாங்கம் தந்த காணிப் பெர்மிட் பறிபோய்விடும்.

"அண்ணை, ஒரு வேர் மிஞ்சக்கூடாது. இன்னும் கொஞ்சம் வழிச்சு விடுங்கோ," என்றார் நாகராசா.

"இதென்ன, தாடி வழிக்கிறதெண்டு நினைச்சியளோ?"

"ஓம், மாப்பிள்ளைக்கு வழிக்கிற மாதிரி வழியுங்கோ!"

தோட்டம் செய்த ஆட்கள். நிலத்தில் ஒரு புல் நின்றாலும் அவர்களுக்கு வெட்கம். மரம், வேர், சருகு, கறுத்த மேல்மண் எல்லாம் பிளேட்டோடு போய் வடக்குக் கரையில் மேடாகக் குவிந்தது. நடுவில் வெறும் சிவப்பு மண். வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் வந்து பார்த்துவிட்டு, "மேசை மாதிரிக் கிடக்கு," என்றார். அந்தக் காலத்தில் அதுதான் நல்ல வேலை.

2. சோறு பரிமாறின இடம்

மழை பெய்தது. நெல் கணுக்கால் உயரத்தில் மஞ்சளித்து நின்றுவிட்டது. மேட்டிலோ, மங்கை சும்மா எறிந்த பூசணி விதை கொடியோடிக் காய்த்துத் தள்ளியது. அந்த வழியால் போன என்னை அவா மறித்தா.

"இஞ்சை பாருங்கோ அண்ணை, எங்கடை சோத்தை உங்கடை மிசின் அங்கை கொண்டுபோய்ப் பரிமாறிப்போட்டுது. நாங்கள் வெறும் சாப்பாட்டுக் கோப்பையோடை இருக்கிறம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னா. நானும் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் அவா சொன்னது முழுக்கச் சரி. ஊரில் குழையும் எருவும் வண்டியில் வந்து இறங்கும். இந்தக் காட்டுக்கு யார் வண்டி கட்டினது? வெயிலில் வாங்கியதை இலையாக்கி, இலையை உதிர்த்து, உதிர்ந்ததைத் தின்றே அது வளர்ந்தது. அந்தச் சேமிப்பு முழுதும் மேட்டுக்குப் போய்விட்டது.

முதல் போகம் மணி பிடிக்காத வெறும் சப்பி. மேட்டை மிசினால் இழுத்துப் பரவி விடட்டோ என்று ஓவசியரைக் கேட்டேன். "திறந்து குடுத்த காணிக்குத் திரும்ப மிசின் இல்லை," என்றுவிட்டார். கோடை முழுக்கப் புருசனும் பெண்சாதியும் மேட்டு மண்ணைக் கடகப் பெட்டியில் சுமந்து காணியில் கொட்டினார்கள்.

3. மேட்டில் குடியிருந்தவை

மேட்டுக்குள் மரங்கள் உக்கத் தொடங்கியிருந்தன. உக்கின மரத்துக்குக் கறையான் வந்தது. கறையானுக்கு ஓணான் வந்தது. பூசணி விதைக்கு எலி வந்தது. எலிக்குப் பின்னால் புடையன் பாம்பு வந்தது. வேர்க்கட்டை ஒன்றைப் புரட்டிய நாகராசாவின் கையில் அது கொத்திவிட்டது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். முகம் வீங்கிக் கிடந்தது.

"அரைவாசி கொட்டியாச்சு அண்ணை. மிச்சத்தையும் கொட்டினால் நெல்லு வரும்."

"வரும் தம்பி. முதல்லை எழும்புங்கோ."

அவர் எழும்பவில்லை. தமையன் வந்து மங்கையைக் கூட்டிக்கொண்டு போனார். எழுதிக் கொடுத்த அதே நிலத்துக்கு, அண்டி வாழ. வெளிக்கிடும்போது அவா ஒரு பூசணிக்காயை என் கையில் தந்தா.

இரண்டாவது காலபோகமும் பயிர் இல்லாமலே போனது. பெர்மிட்டும் போனது. வேறு யாரும் அந்தக் காணியைக் கேட்கவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு அதே வழியால் மிசின் கொண்டுபோனேன். காணியின் ஒரு பாதியில் இலுக்குப் புல் மட்டும் நின்றது. மற்றப் பாதியில் புல் ஒதுங்கி, ஆவரசும் சூரைப் பற்றையும் எழும்பி, அவற்றின் நிழலில் பாலைக் கன்றுகள் தலை காட்டின. நடுவே கோடு கீறினது போல் ஒரு பிரிவு. நாகராசா கடைசிக் கடகத்தைக் கொட்டின இடம்.

இப்போது மிசினில் ஏறும் தம்பிமாருக்கு நான் சொல்வது ஒன்றுதான். பிளேட்டை நிலத்திலிருந்து ஒரு சாண் தூக்கிப் பிடியுங்கோ. வேர் மிஞ்சிக் கிடக்கு என்று காணிக்காரர் சண்டைக்கு வருவினம், வரட்டும். "கோப்பையிலை சோறு கிடக்கட்டும்," என்று நான் சொல்வேன். அவர்களுக்கு அது விளங்குவதில்லை. அது மங்கை சொன்ன கதை.