காஜா பாய் மலையேறி எடுத்துவந்த ரத்தம்

காஜா பாய் இன்னைக்குக் காலைல இறந்துட்டார். அவர் பையன் போன் பண்ணான்... தூக்கத்துலயே போயிடுச்சாம் உயிர்.

கள்ளக்குறிச்சி பக்கம் மாடு வளர்த்த பழைய ஆளுங்களுக்கு அவரைத் தெரிஞ்சிருக்கும். எங்க கால்நடை லேப்ல அட்டெண்டர். மாட்டுக்கு ரத்தம் எடுக்கறவர்.

நம்மள மாதிரியே மாட்டுக்கும் பிளட் குரூப் உண்டு, நம்மளவிட ஜாஸ்தி. கன்னு ரத்தத்துல இருக்கற குரூப் தாய்கிட்டயோ காளைகிட்டயோ இருந்தாகணும். ரெண்டுலயும் இல்லன்னா, ரெஜிஸ்டர்ல எழுதின அப்பன் தப்பு. டிஎன்ஏ டெஸ்ட் வர்ற வரைக்கும் இதுதான் எங்க பொழப்பு.

எவ்ளோ முரட்டு மாடானாலும் கழுத்தைத் தடவிக்கினே பேசுவார். "இன்னாடி கோவம்... ஒரே ஒரு டியூப், குடுத்துடு." அது அப்படியே நிக்கும். நான் கிட்ட போனா உதைக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. வெள்ளிமலைல ஒரு அம்மா வளர்த்த காளைக்கன்னு, இனவிருத்திக்கு செலக்ட் ஆகியிருந்துச்சு. ரிசல்ட்ல அப்பன் ஒத்துவரல. ஆபிசர் ரிஜெக்ட்னு எழுதிட்டார். அந்தம்மா கறி வியாபாரிகிட்ட பேசிட்டாங்கன்னு தகவல் வந்துச்சு.

அப்பதான் எனக்கு சந்தேகம் வந்துச்சு... ரெண்டு டியூப் லேபிளை மாத்தி ஒட்டிட்டேனோ?

பாய்கிட்ட மட்டும் சொன்னேன், அழுதுக்கினே. அவர் உடனே ஐஸ் பிளாஸ்கை எடுத்துக்கினு மலை பஸ் ஏறிட்டார்.

வியாபாரி வந்து கயித்தையே புடிச்சிட்டாராம். "ரெண்டு நாள் பொறுங்க"னு காஜா பாய் கெஞ்சி நிறுத்திட்டு, புது ரத்தத்தோட மழைல நனைஞ்சு வந்து நின்னார்.

இந்த வாட்டி ரிசல்ட் சரியா இருந்துச்சு. கன்னு தப்பிச்சுது.

"யார் லேபிள் ஒட்டினது?"ன்னார் ஆபிசர்.

"நான்தான் சார்."

சொன்னது பாய். நான் பக்கத்துலதான் நின்னேன்... வாயே திறக்கல.

அவருக்கு மெமோ. வரவேண்டிய ப்ரமோஷன் வரல. அட்டெண்டராவே ரிட்டயர் ஆனார்.

போன வருஷம் பஸ் ஸ்டாண்ட்ல பாத்தப்போ, "பாய், அந்த லேபிள்..."னு ஆரம்பிச்சேன்.

"அந்தக் காளையோட பேரன் பேத்தியெல்லாம் மலைல மேயுதும்மா. போய்ப் பாரு"ன்னார். அதுக்குமேல பேச விடல. அவரே டீ வாங்கிக் குடுத்தார்.

சாயங்காலம் அடக்கமாம். இப்ப பஸ்ல உளுந்தூர்பேட்டை தாண்டிட்டேன்.

காலைல போன் பண்ண தம்பி, நீ இதைப் படிப்ப. அந்தத் தப்பு உங்க அத்தா பண்ணது இல்ல. நான் பண்ணது.

போயிட்டு வாங்க பாய்.