வங்காள எழுத்தில் ஒரு தமிழ்க் கவிதை

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சென்னையிலிருந்து ஒரு கவிஞர் வந்திருந்தார்! ஜாதவ்பூரில் காலையில் எழுத்துப் பட்டறை, மாலையில் கவிதை வாசிப்பு. கொல்கத்தாவில் இட்லி மாவு எங்கேயும் கிடைக்கும்... தமிழ்க் கவிஞர் கிடைப்பாரா?

கரியாஹாட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாலதி அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். வெந்தயம் நிறுக்கிற நேரத்தில் நாலு வரி சொல்லி அசத்துகிறவர் அவர். "நான் சொல்றதெல்லாம் கவிதைதானான்னு அந்தம்மாகிட்ட ஒரு தடவை கேட்டுடணும்" என்று ஆட்டோவில் வழியெல்லாம் அதே பேச்சு.

பட்டறை தொடங்கியதும், "'தூரம்'ங்கற வார்த்தையை வச்சு அஞ்சு வரி எழுதிக் குடுங்க" என்றார் கவிஞர். அக்கா மடமடவென்று எழுதி முதல் ஆளாக நீட்டினார்.

கவிஞர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தனையும் வங்காள எழுத்து. அக்கா பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான் – பெங்காலி மீடியம். தமிழ் பேசுவார், எழுத வராது. கூட்டிப்போன எனக்காவது இது தோன்ற வேண்டாமா?

"தமிழ் எழுதத் தெரியாதவங்க எதுக்கு வரணும்?" – பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவின் முகம் சுண்டிவிட்டது.

"குடுத்துடுங்கம்மா... நான் கிளம்பறேன்."

கவிஞர் கொடுக்கவில்லை. அவருடைய கவிதைகளை ஆங்கிலம் வழியாக வங்காளத்தில் மொழிபெயர்த்த பெங்காலிப் பெண்மணி – எங்களுக்கெல்லாம் 'தீதி' – பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் தாளை நீட்டினார். தமிழில் ஒரு வார்த்தை தெரியாத அந்த தீதி, எழுத்துக்கூட்டி உரக்க வாசிக்க ஆரம்பித்தார்.

போனை வைக்கட்டுமாங்கறா சேலத்துலேருந்து தங்கச்சி.
வைங்கறேன்.
ரெண்டு பேரும் வைக்கல.
அவ வீட்டுக் குக்கர் மூணு விசில் அடிக்கறவரைக்கும்
கேட்டுக்கிட்டிருந்தேன்.

முதல் வரியில் தீதியின் உச்சரிப்புக்குச் சிரித்தவர்கள், கடைசி வரியில் கப்சிப். "ஏன் எல்லாரும் பேசாம இருக்காங்க, தப்பா படிச்சுட்டேனா?" என்று தீதி வங்காளத்தில் கேட்டார். பாவம், அவருக்கு மட்டும்தான் கவிதை புரியவில்லை.

"இது கவிதைதாங்க" என்றார் கவிஞர், அக்காவைப் பார்த்து. "சாயங்காலம் நீங்களே மேடையில வாசிக்கறீங்க."

வாசித்தார்! அதே வங்காள எழுத்தைப் பார்த்து. பின்வரிசைக்காரரும் கைதட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் கவிதையா? வாங்கிப் பார்த்த கவிஞர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார் – "உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்குங்க."