கம்பிக்கு அந்தப் பக்கம்

முறுக்கிய கம்பியைப் பார்த்தே அதை முறுக்கிய கை எதுவென்று சொல்லிவிடலாம், எங்கள் தொழிலில். பன்னி முட்டிய வேலி, ரப்பர் மரம் சாய்ந்து அறுந்த வேலி என்று கேரள எல்லையில் பாறசாலை, நெய்யாற்றங்கரை வட்டாரமெல்லாம் ஒட்டுப்போட்டுத் திரிகிறவன் நான். முள்கம்பியில் சட்டையும் விரலும் கிழிந்து, வீட்டிலும் பேச்சு வாங்குகிற சகோதரர்களே, உங்களுக்கும் இப்படியெல்லாம் நடந்திருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள்.

எதிர் முறுக்கு

அமரவிளையில் தனியாக இருக்கிறார் ஸ்டெல்லா டீச்சர். அவருடைய தோட்டம், மரச்சீனிக் கிழங்கு போட்ட விளை; அதில் மேற்கு மூலை வேலி அறுந்து ஆடு புகுந்துவிட்டது. மூன்று வரிக் கம்பியையும் இழுத்து ஒட்டுப்போட்டுவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் மறுபடியும் கூப்பிட்டார். அதே இடம் திறந்து கிடந்தது, ஆனால் கம்பி அறுந்திருக்கவில்லை. யாரோ என் முறுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கம்பியை ஒழுங்காகச் சுருட்டித் தூணில் மாட்டியிருந்தார்கள். சுருளைக் கட்டிய முறுக்கு, என்னுடையதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. இடது கைக்காரர் செய்த வேலை.

நடைவழிக்காகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது செய்திருப்பார்களா என்று கேட்டேன். டீச்சர் அந்தச் சுருளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். திறப்புக்கு நேரே சர்ச்சின் கல்லறைத் தோட்டம் தெரிந்தது. கடைசியில் சொன்னார்: "எனக்க வீட்டுக்காரரு இடங்கையாக்கும். இனி அத கெட்டண்டாம், மக்கா."

தண்ணீருக்குள் ஒரு தலை

கள்ளிக்காட்டில் கிருஷ்ணன் அண்ணனின் விளை அணைத் தண்ணீரின் கரையில் இருக்கிறது. கோடையில் தண்ணீர் இறங்கியபோது, முழுகிப்போன ஏதோ ஒரு விளையின் கல்தூண்கள் வரிசையாக வெளியே வந்தன. தண்ணீர் ஓரத்தில் நின்ற தூணோடு தன் வேலியைச் சேர்த்துவிடச் சொன்னார் அவர். சேர்த்தேன். தூணில் கட்டியது போக மிச்சக் கம்பி கை நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. எடுக்கப் பார்த்தால் வரவில்லை.

வேரில் மாட்டியிருக்கும் என்று நினைத்து இழுத்தேன். மறுபக்கத்திலிருந்தும் இழுத்தது. மீன் இழுத்தால் வெட்டி வெட்டி இழுக்கும். இது கம்பியின் தொய்வை எடுத்து இறுக்குகிற ஆள் இழுப்பதுபோல மெதுவாக, ஒரே சீராக இழுத்தது. கையை விட்டுவிட்டேன். பட்டப்பகல், ஒரு இலைகூட அசையவில்லை. கம்பி தூணிலிருந்து தண்ணீருக்குள் விறைத்து நின்றது. கிருஷ்ணன் அண்ணன் அதை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல டைட்டு. கம்பிக்க அந்தத் தலையில கெட்டினவனும் வேல தெரிஞ்சவனாக்கும்."

பூட்டிய வீடு

பனச்சமூட்டில் தாசன் அண்ணனின் விளை கேரளம். வேலிக்கு அப்புறம் உள்ள வீடு தமிழ்நாடு. அந்த வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வெளிநாடு போய்ப் பல வருஷமாகிறது.

வேலியில் கை வைக்கப் போனவன் நின்றுவிட்டேன். கம்பியில் மூன்று ஓணான்கள் காய்ந்து ஒட்டியிருந்தன, மூன்றின் வாயும் திறந்தபடி. டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. பன்னிக்குக் கரண்டு கொடுத்திருக்கிறீர்களா என்று கோபமாகவே கேட்டேன். தாசன் அண்ணன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். இருவருமாகக் கம்பியைப் பின்தொடர்ந்து பார்த்தோம். புதருக்குள்ளிருந்து ஒரு வயர் ஏறி, அந்தப் பூட்டிய வீட்டின் ஜன்னல் இடுக்குக்குள் போயிருந்தது. வாசல் பூட்டு துருவேறி இறுகிப்போயிருந்தது. அந்த வேலியோரமாகத்தான் தாசன் அண்ணனின் மகள் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் லைன்மேன் வந்து போஸ்டில் ஃபியூசைப் பிடுங்கினார். டெஸ்டர் அணைந்தது. பிறகு வயரை உருவப் போனவர், ஜன்னல் இடுக்கில் காதை வைத்துக் கேட்டார். வயரை உருவிக்கொண்டு திரும்பி வந்தார். தாழ்ந்த குரலில் எங்களிடம் சொன்னார்: "கரண்டு போன பொறவு, உள்ள யாரோ சுவிட்ச டக்கு டக்குன்னு ரெண்டு மட்டம் போட்டுப் பாத்தாவ."

பன்னிக்கு எத்தனை வரிக் கம்பி, மாட்டுக்கு எத்தனை வரி என்றெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மற்றவர்களுக்கு எத்தனை வரி போட வேண்டும் என்றுதான் யாரும் சொல்லித்தரவில்லை.