மலை பஸ்ஸில் போகாத சீட்டு

எங்கள் பக்கத்தில் என்னை யோக்கியமான ஆடிட்டர் என்பார்கள். நாலு பேர் முன்னால் யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் எனக்குக் காது சூடாகிவிடும், பேச்சை மாற்றிவிடுவேன். யோக்கியமாம், யோக்கியம்.

நான் எலவனாசூர்கோட்டைக்காரன். விழுப்புரத்தில் பி.காம். படித்த மூன்று வருஷமும் என் பெஞ்சில் உட்கார்ந்தவன் வெள்ளிமலைக்காரன். எனக்குக் கன்சைன்மென்ட் கணக்கு மண்டையில் ஏறவே ஏறாது. ஒருவர் சரக்கை அனுப்ப, இன்னொருவர் கமிஷனுக்கு விற்றுத் தருகிற கணக்கு அது. வழியில் குறைந்துபோன சரக்கை எங்கே எழுதுவது என்பதில் ஒவ்வொரு தடவையும் கவிழ்வேன். வாத்தியார் மூன்று முறை நடத்தியும் புரியாததை, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அவன் புரியவைத்தான்.

"மலையிலர்ந்து சாமை மூட்டை எறக்கறோம்னு வச்சிக்க. காஞ்சி எடை கொறையுது பாரு, அது சகஜம். அத்த மீதி சரக்கு வெலையிலயே ஏத்திடு. வழியில எவனாச்சும் ஒரு மூட்டைய லவட்டிக்கினு போனா அது வேற. அத்த தனியா எழுதணும்."

கடைசி வருஷத்தில் நாங்கள் இருவரும் கள்ளக்குறிச்சியில் ஓர் ஆடிட்டரிடம் சி.ஏ. பயிற்சிக்கு இடம் கேட்டுப் போனோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு ஆள்தான் எடுக்க முடியும், கடைசிப் பரீட்சையில் அக்கவுண்டன்சியில் யார் ஜாஸ்தி வாங்குகிறீர்களோ அவர் வாருங்கள் என்றார். யார் ஜாஸ்தி வாங்குவார்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும். திரும்பி வரும்போது அவன்தான் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தான்.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம். எங்கள் சாதிக்குப் படிப்பிலும் வேலையிலும் தனிப் பங்கு வேண்டுமென்று ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டார்கள். போட்டார்கள் என்ன, போட்டோம். புளியங்கிளை ஒன்றை இழுத்துப் போட்டதில் என் கையும் உண்டு. பஸ் ஓடவில்லை. அக்கவுண்டன்சி பரீட்சை தள்ளிப்போனது. ஹாஸ்டலையும் மூடிவிட்டார்கள்.

மறியல் தளர்ந்ததும் அவன் மலைக்குக் கிளம்பினான். எங்கள் ஆட்கள் மேல் அவனுக்குக் கோபம் இருக்குமென்று நினைத்திருந்தேன். கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றுதான் சொன்னான். மலைக்கு அப்போது போன் கிடையாது, பேப்பரும் ஒழுங்காகப் போகாது. அதனால் ஒன்றே ஒன்று கேட்டான்.

"தேதி போட்டதும் மலை பஸ்ஸு கண்டக்டரு கிட்ட ஒரு சீட்டு குடுத்துடுடா. வூட்டுக்கு வந்துரும்."

அந்தக் கண்டக்டர் கையில்தான் மலைக்கான மருந்து, சாவு சேதி, கல்யாணச் சேதி எல்லாம் போகும்.

தேதியைக் கல்லூரிப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பரீட்சைக்கு ஐந்து நாள் இருந்தது. அன்றைக்கே சீட்டு எழுதினேன், மடித்து மேலே அவன் பெயரையும் எழுதினேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கும் போனேன். மலை பஸ் நின்றது. கண்டக்டர் மேலே ஏறி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவர் இறங்கட்டும் என்று நின்றேன். இறங்கினார், விசில் கொடுத்தார், பஸ் கிளம்பியது. சீட்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது. நாளைக்குக் கொடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாளைக்கு நான் போகமாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும். பங்கு கொடு பங்கு கொடு என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். தூ.

பரீட்சையில் கட்டாயக் கேள்வியே கன்சைன்மென்ட்தான். பிசிறில்லாமல் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துப் புத்தகக் கட்டோடு அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். தேதி போட்டாச்சா என்றுதான் முதலில் கேட்டான். பரீட்சை முடிந்துவிட்டது என்றேன். கட்டைக் கீழே வைத்தான். அந்த ஒரு பேப்பர் இல்லாமல் பட்டம் கிடையாது, பட்டம் இல்லாமல் ஆடிட்டரிடம் இடம் கிடையாது. சீட்டு வரவில்லையே என்றான். கொடுத்தேனே என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை!

அவனை அனுப்பிவைக்கக் கள்ளக்குறிச்சி வரை கூடப் போனேன். கண்டக்டரிடம் பேசாமல் ஏறிவிடுவான் என்று நம்பினேன். அவன் சண்டைக்காரன் இல்லை. ஆனாலும் நடந்ததை மெதுவாகச் சொல்லிவிட்டான். நீ எங்கே கொடுத்தாய் என்று அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே எல்லாவற்றையும் கக்கியிருப்பேன். அவர் கேட்கவில்லை. தோல்பையைக் கவிழ்த்துத் தேடினார். காக்கிச் சட்டைப் பைகளைத் துழாவினார். டிரைவர் இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். பிறகு எங்கள் முன்னால் வந்து நின்றார். என் அப்பா வயது இருக்கும்.

"எத்தினியோ சீட்டு வாங்கறேன் தம்பி, ஒண்ணுகூட வுட்டதில்ல. உன்னுத எங்கியோ வுட்டுட்டேன். படிக்கிற புள்ள வாழ்க்கைய கெடுத்துட்டேனே. மனசுல வச்சிக்காதீங்கப்பா."

கடைசியில் என்னைப் பார்த்துத்தான் கைகூப்பினார்.

"பரவால்லண்ணே" என்றேன்.